50 சதவீதம் என்ற தீர்ப்பு: ஒரு காப்புறுதி நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவோடு பதினொரு வாரங்கள்

ஏழு ஆண்டுகளாக எனது கார் ஒரே நிறுவனத்தில்தான் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாகன விபத்து ஒன்றில் யார் பக்கம் எவ்வளவு தவறு என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரே சட்டவிதிகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பதால், எனக்கு நேர்ந்தது எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கும் நேரக்கூடும். விபத்துக்குப் பின் அவர்கள் தந்த சேவையையும், தவறு குறித்து முதலில் எடுத்த முடிவையும், அந்த முடிவை எதிர்த்தபோது அவர்களுடைய முறைப்பாட்டுப் பிரிவு நடந்துகொண்ட விதத்தையும் தனித்தனியாகவே மதிப்பிட வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒரே தரத்தில் இருக்கவில்லை.

2024 பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரு வியாழக்கிழமை மாலை ஆறரை மணியளவில், ஸ்காபரோவில் மார்க்கம் வீதியோரமாக உள்ள ஒரு பிளாசாவில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு, வாகனத் தரிப்பிடத்தின் பிரதான பாதை வழியாக வெளிவாசலை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தேன். வலது பக்கத் தரிப்புக் கட்டத்தில் முன்பக்கம் உள்ளே இருக்க நிறுத்தியிருந்த ஒரு வான் திடீரெனப் பின்னோக்கி வெளியே வந்தது. நான் பிரேக்கை மிதித்தபோதும் நிலத்தில் கிடந்த ஈரப்பனியில் கார் சற்று வழுக்கி, எனது காரின் வலது முன்மூலையும் வானின் வலது பின்மூலையும் மோதிக்கொண்டன. யாருக்கும் காயமில்லை. வானை ஓட்டி வந்த பெரியவர் பதற்றத்தில் வண்டியை நேராக்கி, பாதையில் எனக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அதன் பிறகே நான் படம் எடுத்தேன். அந்தப் படங்களில் வான் எனக்கு முன்னால் நேராக நிற்கிறது, எனது கார் அதன் பின்னால் நிற்கிறது. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு நான் பின்னால் வந்து இடித்தவனாகவே தெரியும்.

அன்றிரவு நிறுவனத்தின் 24 மணிநேரத் தொலைபேசியில் பேசியவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் ஹௌடன் வீதியில் உள்ள விபத்துப் பதிவு நிலையத்துக்குச் சென்றேன். அங்கே காரைப் படமெடுத்து, வாக்குமூலத்தைப் பெற்று, சேதம் பதிவாகிவிட்டது என்பதற்கான ஒட்டியை காரில் ஒட்டி அனுப்பினார்கள். யார் பக்கம் தவறு என்று அங்கே எவரும் சொல்லவில்லை, அது அவர்களுடைய வேலையும் அல்ல. அந்த நாள்களில் வீதி விபத்தொன்றில் சேதம் 2,000 டொலரைத் தாண்டினால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அந்த எல்லை 5,000 டொலராக உயர்த்தப்பட்டிருக்கிறது. எனது காருக்கான திருத்தச் செலவு 4,300 டொலர் என்று கராஜில் கணக்கிட்டார்கள். வாடகைக் கார் மறுநாளே கிடைத்தது, திருத்த வேலை எட்டு நாள்களில் முடிந்தது, பெயின்ற் வேலையில் ஒரு குறையும் காண முடியவில்லை. இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஒன்பதாவது நாள் அட்ஜஸ்டரிடமிருந்து, அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையை ஆராய்ந்து முடிவெடுக்கும் நிறுவன அலுவலரிடமிருந்து, அழைப்பு வந்தது. இரு தரப்புக்கும் 50 சதவீதத் தவறு என்று முடிவு செய்திருப்பதாகவும், டிடக்டிபிள் தொகையான (திருத்தச் செலவில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 டொலரில் எனது பங்கான 500 டொலரை கராஜில் கட்டிவிட்டுக் காரை எடுக்கலாம் என்றும் சொன்னார். காரணம் கேட்டபோது இரண்டு விஷயங்களைச் சொன்னார். வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு வண்டிகளும் நகர்ந்துகொண்டிருந்தால் பாதிக்குப் பாதிதான் என்பது ஒன்று. எனது காரின் முன்பகுதியில் சேதம் இருப்பதால் மோதியது நான்தான் என்பது மற்றது. இவை இரண்டும் அந்த மாகாணத்தின் விதிகளில் எங்கும் இல்லாதவை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நம்மவர்களிடையே நெடுநாளாக இருக்கும் ஒரு குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்ராறியோவில் இருப்பது 'நோ-ஃபோல்ற்' காப்புறுதி என்று கேட்டதும், விபத்தில் யாருக்கும் பிழை கிடையாது என்று பலர் பொருள்கொள்கிறார்கள். யார் பக்கம் பிழை இருந்தாலும் நமது இழப்பீட்டை நமது சொந்த நிறுவனத்திடமிருந்தே பெறுகிறோம் என்பதுதான் அதன் பொருள். பிழை எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. பிழையில்லாத பங்குக்கு நேரடி இழப்பீட்டுக் காப்புறுதியிலிருந்தும், பிழையுள்ள பங்குக்கு, வாங்கியிருந்தால், மோதல் காப்புறுதியிலிருந்தும் பணம் வருகிறது. டிடக்டிபிளும் பெரும்பாலும் அந்தச் சதவீதத்துக்கு ஏற்பவே அறவிடப்படுகிறது. 2024 ஜனவரி முதல் நேரடி இழப்பீட்டுக் காப்புறுதியை வேண்டாம் என்று விடவும் அனுமதி இருக்கிறது. கட்டணத்தைக் குறைக்க அதை விட்டவர்களுக்கு, தம்மேல் துளி தவறு இல்லாவிட்டாலும் வாகனச் சேதத்துக்கு அங்கிருந்து ஒன்றும் கிடைக்காது. எனது பார்வையில் அது கைவிடக்கூடாத ஒன்று.

எனது காப்புறுதி முகவர் நல்லவர், பல ஆண்டுப் பழக்கம். அவரை அழைத்தபோது, "அண்ணை, பாதிக்குப் பாதி எண்டால் பெரிய பிரச்சினை இல்லை, விட்டிடுங்கோ, இவங்களோட இழுபட்டு என்ன செய்யிறது" என்றார். அவர் அக்கறையோடுதான் சொன்னார், ஆனால் அந்த ஆலோசனை பிழையானது. 25 சதவீதத்துக்கு மேல் பொறுப்பு என்று பதிவானால் அந்த விபத்து கட்டணக் கணக்கில் நம்முடைய விபத்தாகவே சேரும். 50 என்பது பாதித் தண்டனை அல்ல, முழுத் தண்டனைக்கு மிக அருகில் நிற்பது. ஏப்ரலில் புதுப்பிப்புக் கடிதம் வந்தபோது ஆண்டுக் கட்டணம் 640 டொலர் கூடியிருந்தது. இப்படிப்பட்ட பதிவு வழக்கமாக ஆறு ஆண்டுகள் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், கராஜில் கட்டிய 500 டொலர் உண்மையில் மிகச் சிறிய தொகை.

மாகாணக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் உள்ள 1990ஆம் ஆண்டுத் தொகுப்பின் 668ஆம் இலக்க ஒழுங்குவிதிதான் இந்தச் சதவீதங்களைத் தீர்மானிக்கிறது. ஒன்ராறியோ அரசின் இணையத்தளத்தில் எவரும் படிக்கலாம். ஏறத்தாழ இருபது பிரிவுகள், அவற்றில் பல சந்திகளையும் கார்களையும் கோட்டுப் படங்களாக வரைந்து காட்டுகின்றன. சட்டத்தரணி இல்லாமலே ஒரு மாலைப்பொழுதில் படித்து விளங்கிக்கொள்ளக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதை மூன்று முறை படித்தேன். 16ஆம் பிரிவு முழுக்க வாகனத் தரிப்பிடங்களைப் பற்றியது. தரிப்பிடத்தின் ஊடாகச் செல்லும் பிரதான பாதையை ஒரு வீதியைப் போலவே கருத வேண்டும் என்றும், தரிப்புக் கட்டத்திலிருந்து வெளியேறும் வண்டி பாதையில் வருகிற வண்டிக்கு வழிவிடத் தவறினால் வெளியேறும் வண்டிக்கே 100 சதவீதத் தவறு என்றும் அது சொல்கிறது. 19ஆம் பிரிவு இன்னும் சுருக்கமானது: பின்னோக்கி வரும் வண்டிக்கு 100, மற்ற வண்டிக்கு 0. முழுத்திருப்பம் எடுப்பதற்கும், கார்க் கதவைத் திறந்துவிடுவதற்கும் அதே 100 சதவீதம்தான்.

எல்லாவற்றிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 3ஆம் பிரிவு. வானிலை, வீதியின் நிலை, பார்வைத் தெளிவு, பாதசாரிகளின் செயல் ஆகியவற்றைக் கருதாமலும், காப்புறுதி பெற்றவரின் வண்டியில் மோதல் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதைக் கருதாமலும் தவறின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எனது காரின் முன்பகுதியில் சேதம் இருப்பதால் மோதியது நான் என்று அட்ஜஸ்டர் சொன்ன காரணத்தை, பயன்படுத்தவே கூடாத காரணம் என்று சட்டமே தள்ளிவைத்திருக்கிறது.

இதே 3ஆம் பிரிவு மறுபக்கம் எவ்வளவு கடுமையாக வெட்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. எனது நண்பர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பனிக்கட்டியில் வழுக்கி, சிவப்பு விளக்கில் நின்ற காரின் பின்புறத்தில் மோதினார். வேகம் மிகக் குறைவு, குளிர்காலச் சக்கரங்கள் புதியவை, வீதியில் உப்புப் போடப்படவில்லை. அவர் நான்கு கடிதங்கள் எழுதினார், ஒன்றும் மாறவில்லை. ஒரே திசையில் ஒரே தடத்தில் செல்லும் வண்டிகளில் பின்னால் வந்து மோதியவருக்கே 100 சதவீதம் என்பது 6ஆம் பிரிவு. பனி அந்தக் கணக்குக்குள் வரவே வராது. மனிதர் என்ற முறையில் அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விதி நமக்கு எதிராக இவ்வளவு தெளிவாக நிற்கும்போது முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவது நேரச் செலவுதான். முதலில் நமது விபத்து எந்தப் பிரிவுக்குள் வருகிறது என்று பார்த்துவிட்டே பேனாவை எடுக்க வேண்டும்.

நான் எழுதிய முதல் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: 50 சதவீதம் என்ற முடிவு 668ஆம் ஒழுங்குவிதியின் எந்தப் பிரிவின்படி எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தரவும். தொலைபேசியில் சொன்ன இரண்டு காரணங்களும் பதிலில் காணாமல் போயிருந்தன. அவற்றின் இடத்தில் 5ஆம் பிரிவு வந்திருந்தது. நான் பின்னோக்கி வந்த வானைப் பற்றிச் சொல்கிறேன், வானின் சாரதியோ தான் ஏற்கெனவே வெளியே வந்து நேராகி நின்றுவிட்டதாகவும் நான் பின்னால் வந்து மோதியதாகவும் சொல்கிறார், எது உண்மை என்று தீர்மானிக்கப் போதிய தகவல் இல்லை, எனவே விதிகளை விட்டுப் பொதுச் சட்டத்தின்படி இருவருக்கும் சமமாகப் பகிர்ந்திருக்கிறோம் என்பது அவர்களுடைய விளக்கம். இதை நியாயமான பதில் என்றே சொல்வேன். எனது பேச்சுப்படி எனக்கு 0, அவருடைய பேச்சுப்படி எனக்கு 100, சாட்சி எவருமில்லை. ஆனால் இந்தப் பதிலை ஒன்பதாம் நாளே சொல்லியிருந்தால், குறையாக இருப்பது சான்றுதான் என்று எனக்கு அன்றே தெரிந்திருக்கும். தரிப்பிடம் என்றால் பாதிக்குப் பாதி என்ற பொய்யான வாய்ப்பாட்டைக் கேட்டு எத்தனை பேர் பேசாமல் 500 டொலரைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்ற கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்தப் பதில் வந்தது விபத்து நடந்த பன்னிரண்டாம் நாள். அன்று மாலையே பிளாசாவுக்குப் போய், நான் சாமான் வாங்கிய அதே மளிகைக் கடையின் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். வாசலுக்கு மேலே உள்ள கமரா தரிப்பிடத்தின் பிரதான பாதையைப் பார்த்தபடி இருந்தது. "தம்பி, பதினாலு நாள்தான் நிக்கும், பிறகு தானா அழிஞ்சு போடும், இண்டைக்கே எடுத்துக்கொண்டு போங்கோ" என்று சொல்லி, கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டு என்னை உள் அறைக்கு அழைத்துச் சென்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு சிறிய திரையில் இருவருமாகப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். மொத்தம் 14 விநாடிகள். வானின் பின்னால் இரண்டு வெள்ளை விளக்குகள் எரிகின்றன, வான் பின்னால் வருகிறது, எனது காரின் முன்விளக்குகள் திரையின் ஓரத்திலிருந்து நுழைகின்றன, மோதும் கணத்திலும் அந்த வெள்ளை விளக்குகள் அணையவில்லை. பிறகு வான் முன்னே நகர்ந்து நேராகிறது. பின்னோக்கிச் செல்லும் கியரில் இருக்கும்போது மட்டுமே எரியும் விளக்குகள் அவை.

காணொளியை அனுப்பிய பின்னும் அட்ஜஸ்டர் ஏற்கவில்லை. திரையின் மூலையில் நேரம் 7:31 என்று இருந்தது. நான் நிறுவனத்தை அழைத்ததோ 6:52க்கு. எனவே இது வேறொரு சம்பவமாக இருக்கலாம் என்றார். கோடைகாலத்துக்காக ஒரு மணிநேரம் முன்னே நகர்த்திய கமராவின் கடிகாரத்தை நவம்பரில் எவரும் பின்னே நகர்த்தவில்லை என்பதுதான் உண்மை. அதை நிரூபிக்க எனது சட்டைப்பையில் இருந்த மளிகைக் கடைப் பற்றுச்சீட்டு உதவியது. பற்றுச்சீட்டில் அச்சான நேரம் மாலை 6:24. கடை முதலாளி தாமே உட்கமராவின் பதிவைத் தேடி, கல்லாவின் முன் நான் பணம் கொடுக்கும் காட்சியை எடுத்துத் தந்தார். அதில் நேரம் 7:24. ஒரே பரிவர்த்தனை, இரண்டு கடிகாரங்கள், சரியாக ஒரு மணிநேர வித்தியாசம். அதை விளக்கி ஆறு வரியில் ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்திட்டார். மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒன்ராறியோவில் நேரம் மாறியதும் அந்தக் கடிகாரம் தன்பாட்டில் சரியாகிவிட்டது. ஒரு மாதம் பிந்தி நான் போயிருந்தால் காணொளியும் இருந்திருக்காது, கடிகாரம் பிழையாக ஓடியது என்பதைக் காட்டவும் வழியிருந்திருக்காது. எனக்காக இரண்டு மாலைகளைச் செலவிட்ட அந்த மனிதருக்கு இந்த மதிப்பாய்வில் உள்ள எல்லோரையும்விட நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அட்ஜஸ்டரின் மேலாளர் மூன்று வாரம் பதில் அனுப்பவில்லை. அதன் பின்னர் நிறுவனத்தின் முறைப்பாட்டு அதிகாரிக்கு எழுதினேன். ஒவ்வொரு காப்புறுதி நிறுவனத்திலும் இத்தகைய ஒருவர் இருக்கிறார், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருக்கும்; எனது நிறுவனத்தில் அது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். என்ன நடந்தது என்பதை நேர வரிசையில் எழுதி, 3, 5, 16, 19 ஆகிய பிரிவுகளைச் சுட்டி, காணொளியையும் பற்றுச்சீட்டையும் கடை முதலாளியின் கடிதத்தையும் இணைத்தேன். கோபத்தை எழுதவில்லை, ஏழு ஆண்டு வாடிக்கையாளர் என்றும் எழுதவில்லை, ஏனெனில் அவை எதுவும் சதவீதத்தை மாற்றாது.

இங்கேதான் சேவையின் தரம் முற்றாக மாறியது. இரண்டு நாள்களில் ஒரு பெண்மணி அழைத்தார். கோப்பு முழுவதையும் படித்திருந்தார் என்பது அவருடைய முதல் கேள்வியிலேயே தெரிந்தது: பற்றுச்சீட்டை அச்சிடும் இயந்திரத்தின் நேரம் சரியானது என்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனது வங்கி அட்டைப் பரிவர்த்தனையின் நேரத்தை அனுப்பினேன், அதுவும் 6:24. பதினைந்தாம் நாள் எழுத்தில் முடிவு வந்தது. 19ஆம் பிரிவின்படி எனது தவறு 0 சதவீதம், 500 டொலர் திருப்பித் தரப்படும், புதுப்பிப்புக் கட்டணம் திருத்தப்படும். முதல் முடிவு எங்கே பிழைத்தது என்பதையும் இரண்டு பத்தியில் விளக்கியிருந்தார். மன்னிப்பு என்ற சொல் அந்தக் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் காரணத்தைச் சொல்லும் ஒரு கடிதத்தை நான் மன்னிப்பைவிட உயர்வாகவே மதிக்கிறேன். அந்த அதிகாரிக்கு ஐந்துக்கு ஐந்து, அட்ஜஸ்டருக்கும் மேலாளருக்கும் சேர்த்து ஒன்றுக்கு மேல் கொடுக்க முடியவில்லை.

முறைப்பாட்டு அதிகாரியும் மறுத்திருந்தால், நிறுவனத்தின் இறுதி நிலைப்பாட்டை எழுத்தில் பெற்றுக்கொண்டு, பொதுக் காப்புறுதிக்கான குறைகேள் அமைப்பான ஜி.ஐ.ஓ.விடம் போயிருப்பேன். அது நுகர்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் அந்த இறுதிக் கடிதம் இல்லாமல் போனால் முதலில் நிறுவனத்திடமே திரும்பிப் போகச் சொல்வார்கள். 2019 முதல் இத்துறையை மேற்பார்வை செய்யும் எஃப்.எஸ்.ஆர்.ஏ., நிறுவனம் சட்டப்படி நடந்ததா என்று பார்க்கும் அமைப்பு. நமது சதவீதத்தை மாற்றித் தருவதற்காக அதனிடம் போக வேண்டாம். கடைசி வழி நீதிமன்றம். காப்புறுதிச் சட்டத்தின் 263ஆம் பிரிவு, விதிகளின்படி வந்த சதவீதம் உண்மையான தவறைக் காட்டவில்லை என்று கருதுபவர் தனது சொந்த நிறுவனத்துக்கு எதிராகவே வழக்குத் தொடர இடம் தருகிறது. அங்கே பொதுச் சட்டமே அளவுகோல்.

500 டொலருக்கான காசோலை மே மாதத் தொடக்கத்தில் வந்தது. அதோடு விட்டுவிடாமல், கனடாவில் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகப் பார்க்கும், ஒருவரின் காப்புறுதி, விபத்து வரலாறு அடங்கிய ஓட்டோபிளஸ் பதிவின் பிரதியை எனது பெயரில் கேட்டு வாங்கினேன். அதில் இன்னும் 50 என்றே இருந்தது. வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்திருந்தால் அங்கே அந்த எண்ணைத்தான் பார்த்திருப்பார்கள். முறைப்பாட்டு அதிகாரிக்கு மறுபடியும் இரண்டு வரி எழுதினேன். ஆறு நாள்கள் கழித்து வாங்கிய புதிய பிரதியில், பெப்ரவரி மாத விபத்துக்கு நேரே 0 என்று இருந்தது.